நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால்: கண்டுபிடிப்பது முதல் நீக்குவது வரை

சின்னத் தொகையைக் கடனாகத் தரும் செயலிகள் கேட்பது பான் எண், ஆதார், ஒரு கைபேசி எண், ஒரு செல்ஃபி. அவ்வளவுதான். சில நிமிடங்களில் பணம் வந்துவிடும். கடன் வாங்குபவருக்கு இருக்கும் அதே வசதி திருடனுக்கும் இருக்கிறது. என் பான் எண்ணை வைத்து யாரோ அப்படி ஒரு கடன் வாங்கி, ஒரு தவணைகூடக் கட்டாமல் போயிருந்தார்கள். வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அதை நீக்க அலைந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. யாரிடம், எந்த வரிசையில், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அந்த வரிசை கீழே இருக்கிறது.

இதுவரை எந்தத் தொல்லையும் வராதவர்கள் 1, 2, 8, 9 ஆகிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும். மாட்டிக்கொண்டவர்கள் வரிசையாகவே போங்கள்.

1. உங்கள் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். காசு செலவில்லை. ஆனால் ஆதாரோடு இணைத்த கைபேசி எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிக்கொண்டு வாருங்கள். கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். அது நடக்காமல் மற்ற எதுவும் நடக்காது.

கடன் அறிக்கை: உங்கள் பெயரில் உள்ள கடன்களையும் அவை கட்டப்பட்ட விதத்தையும் காட்டும் பட்டியல் இது. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'சிபில்' என்கிறோம். உண்மையில் இந்தியாவில் இதைத் தரும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்து எடுத்தால் ஆண்டு முழுக்க இலவசமாகவே கண்காணிக்கலாம். தளத்துக்குள் நுழைந்ததும் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று கண்ணைப் பறிக்கும். இலவச அறிக்கைக்கான இணைப்பு எங்காவது ஓரத்தில் இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள்.

ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். முழு அறிக்கையில் மூன்று இடங்களைப் படியுங்கள். கணக்குகள் பகுதியில் தெரியாத கடன் இருக்கிறதா? விசாரணைகள் பகுதியில், நீங்கள் போகாத நிறுவனம் உங்கள் அறிக்கையைக் கேட்டு வாங்கியிருக்கிறதா? உங்கள் விவரங்கள் பகுதியில், நீங்கள் வசிக்காத முகவரியோ உங்களுடையதல்லாத கைபேசி எண்ணோ ஏறியிருக்கிறதா? கடன் ஏறுவதற்கு முன்பே கடைசி இரண்டு இடங்களில் தடயம் தெரியலாம்.

சிம் கார்டுகள்: தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் பெயரில் உள்ள எண்கள் எல்லாம் வரும். ஒருவர் பெயரில் ஒன்பது வரை இருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று கூடுதலாக இருந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. தெரியாத எண்ணுக்கு எதிரே 'என் எண் அல்ல' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே 'தேவையில்லை' என்றும் ஒன்று இருக்கும். உங்களுடையதாக இருந்து இப்போது வேண்டாத எண்ணுக்குத்தான் அது. திருட்டு எண்ணுக்கு அதை அழுத்தினால் எண் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

ஜிஎஸ்டி: கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அவர் பான் எண்ணில் யாரோ போலி நிறுவனம் பதிவு செய்திருப்பார்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது, லாகின்கூட வேண்டாம். உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள், நீங்களே பதிவு செய்ததைத் தவிர எதுவும் வரக்கூடாது.

வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் ஒருமுறை புரட்டுங்கள். உங்களுக்கு வராத சம்பளம், நீங்கள் திறக்காத கணக்கின் வட்டி இருந்தால் அங்கே தெரியும்.

2. ஆதாரைப் பூட்டுங்கள்

ஒழுகுகிற குழாயை மூடிவிட்டுத்தான் தரையைத் துடைக்க வேண்டும். அதனால் புகார் எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

மைஆதார் தளத்திலோ எம்ஆதார் செயலியிலோ பயோமெட்ரிக் லாக் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உங்கள் விரல்ரேகையையும் கருவிழியையும் வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. 'என் விரல் என்னிடம்தானே இருக்கிறது' என்று நினைக்க வேண்டாம். பத்திரப்பதிவு ஆவணத்தில் இருக்கும் ரேகையிலிருந்து சிலிக்கான் நகல் எடுத்து, ஆதார் வழிப் பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறையில் கணக்கைக் காலி செய்த வழக்குகள் நம் அண்டை மாநிலங்களில் நடந்திருக்கின்றன. அந்த முறைக்கு ஓடிபி வேண்டாம், ஏடிஎம் கார்டு வேண்டாம். வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் இருந்தால் போதும்.

பூட்டிய பிறகு ஒரு சங்கடம் உண்டு. ரேஷன் கடையில் ரேகை ஏறாது; 330 என்ற பிழை எண் வரும். ஓய்வூதியக்காரர்கள் உயிர்ச்சான்று கொடுக்கப் போனாலும் இதே கதைதான். போவதற்கு முன் செயலியில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்; சில நிமிடங்களில் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். வீட்டில் பெரியவர்களுக்குப் பூட்டிக் கொடுத்தால் இதையும் சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் ரேஷன் கடை வரிசையில் உங்களுக்குத்தான் அர்ச்சனை.

அதே தளத்தில் உங்கள் ஆதார் கடந்த ஆறு மாதத்தில் எங்கெல்லாம் பயன்பட்டது என்ற வரலாறும் கிடைக்கும். இறக்கிச் சேமித்து வையுங்கள், பிறகு உதவும்.

3. திருட்டா, கலப்பா?

தெரியாத கடனைப் பார்த்ததும் எல்லாமே திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம். நம்மூரில் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி உள்ள இருவரின் கணக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. அறிக்கையில் அந்தக் கடனோடு சேர்ந்து வந்திருக்கும் முகவரியைப் பாருங்கள். அது வேறொரு ஊரில் உண்மையாக வாழும் ஒருவருடையது போலவும், கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டு வருவதாகவும் இருந்தால் பெரும்பாலும் கலப்புதான். அப்படியானால் 4, 5 இரண்டையும் விட்டுவிட்டு நேரே 6-க்குப் போகலாம்.

திருட்டுதான் என்றால் ஒரு கோப்பு போடுங்கள். தேதியோடு கூடிய முழுக் கடன் அறிக்கை, பான் மற்றும் ஆதார் நகல், கடன் தரப்பட்டதாகச் சொல்லும் மாதத்துக்கும் அதற்கு அடுத்த மாதத்துக்குமான உங்கள் எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மெண்ட், சஞ்சார் சாத்தி பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். வங்கி ஸ்டேட்மெண்ட் எதற்கென்று கேட்கலாம். அந்தப் பணம் உங்களுக்கு வரவில்லை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

4. போலீஸ் புகார்

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கையோடு வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதாகவும் இல்லாமல் வங்கியினுடையதாகவும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், அறிவிப்பு வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பு கிடையாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் இது பொருந்தாது. அப்போதும்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

கடன் மட்டும் ஏறியிருந்தால் அவசரம் கொஞ்சம் குறைவு. தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதியுங்கள், ஒப்புகை எண் வரும். அதை அச்செடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். எஃப்ஐஆர் உடனே போடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதாவது இல்லாமல் திரும்பாதீர்கள். புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். முதலாவது பிறருடைய அடையாளத்தைப் பயன்படுத்துவது, இரண்டாவது கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. இரண்டுக்குமே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

புகாரில் கதை வேண்டாம். எந்த நிறுவனம், எந்தக் கடன் எண், எந்தத் தேதி, எவ்வளவு தொகை, உங்களுக்கு எப்போது தெரிந்தது. ஒரு பக்கம் போதும்.

5. கடன் கொடுத்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து "நான் கடன் வாங்கவில்லை" என்று மன்றாடுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவர் நாள் முழுக்க அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். நிஜமாகவே வாங்கிவிட்டுக் கட்டாதவரும் அப்படித்தான் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது: "பணத்தை எந்தக் கணக்கில் போட்டீர்கள்?"

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் 2022-ல் வந்தன. அவற்றின்படி, சில விதிவிலக்குகள் தவிர, கடன் தொகை கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ஆகவே கணக்கு எண் அவர்களிடம் கட்டாயம் இருக்கும். அந்தக் கணக்கு உங்களுடையதல்ல என்று நிரூபணமானால், உங்களை விசாரிப்பது போய், அவர்கள் ஆளைச் சரியாகப் பார்க்காமல் பணம் கொடுத்தது எப்படி என்ற கேள்வியாக அது மாறிவிடும். பொருள் வாங்கிய கடன் என்றால் பணம் கடைக்குப் போயிருக்கும். அப்போது பொருள் எந்த முகவரியில், எந்தக் கைபேசி எண்ணுக்கு ஒப்படைக்கப்பட்டது என்று கேளுங்கள்.

யாருக்கு எழுதுவது? அறிக்கையில் இருக்கும் பெயர் செயலியின் பெயராக இருக்காது. செயலி இடைத்தரகர், கடன் கொடுத்தது அதன் பின்னால் இருக்கும் வங்கியோ, என்பிஎஃப்சி எனப்படும் வங்கியல்லாத நிதி நிறுவனமோ. அவர்களுடைய இணையதளத்தில் குறைதீர் அதிகாரி என்று ஒருவரின் மின்னஞ்சல் இருக்கும், அதற்கு எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"என் பான் எண்ணின் கீழ் இந்த எண்ணுள்ள கடன் இருப்பதாக இந்தத் தேதியிட்ட கடன் அறிக்கை காட்டுகிறது. இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. தொகை என் எந்தக் கணக்கிலும் வரவில்லை, ஸ்டேட்மெண்ட் இணைத்துள்ளேன். தொகை வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு விவரம், விண்ணப்பத்தில் தரப்பட்ட கைபேசி எண், மின்னஞ்சல், முகவரி, செல்ஃபி, கேஒய்சி ஆவணங்கள், கடன் ஒப்பந்தம் ஆகியவற்றை அனுப்பவும். விசாரணை முடியும் வரை வசூல் நடவடிக்கையை நிறுத்தவும். கடன் எனதல்ல என்று உறுதியானதும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் பதிவை நீக்கி, எழுத்தில் உறுதி தரவும். காவல்துறைப் புகார் எண் இது."

இதையே ஆங்கிலத்தில் அனுப்பினால் பதில் வேகமாக வருகிறது என்பது என் அனுபவம். என் விஷயத்தில் அந்த நிறுவனம் முதலில் அனுப்பியது தானியங்கிப் பதில். இரண்டாவது, பாக்கியைக் கட்டச் சொல்லி நினைவூட்டல். கணக்கு விவரத்தை விடாமல் கேட்ட பிறகுதான் ஒரு மனிதர் பேசினார். அவர்கள் அனுப்பிய செல்ஃபியில் இருந்தவர் நான் இல்லை என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சில நிறுவனங்கள் நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். முத்திரைத்தாளும் நோட்டரி கட்டணமும் சேர்த்துச் சில நூறு ரூபாய் ஆகும். கொடுத்துவிடுங்கள், வாதாடிப் பயனில்லை. ஆனால் கீழே சொல்வதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

கட்டித் தொலைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மூவாயிரம் ரூபாய்க் கடனுக்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றும். ஒரு ரூபாய் கட்டினாலும் கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். 'செட்டில்மெண்ட்' செய்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்றே ஏறும். அது 'முழுவதும் கட்டி முடித்தவர்' என்பதல்ல, 'பாதியில் பேசி முடித்தவர்' என்பது. வீட்டுக்கடன் கேட்கும்போது அதுவும் கறைதான்.

தொலைபேசியில் வரும் இணைப்பைத் தொட்டு ஓடிபி சொல்லாதீர்கள். "புகாரை மூட ஓடிபி வேண்டும்" என்பார்கள். எதற்கு ஒப்புதல் கொடுக்கிறோம் என்று தெரியாமல் எதையும் சொல்ல வேண்டாம்.

வசூல் முகவர்கள் அழைத்தால் "விவகாரம் எழுத்தில் நடக்கிறது, புகார் எண் இது" என்று சொல்லி வைத்துவிடுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. மாமாவுக்கும் அலுவலகத்துக்கும் அழைத்து மிரட்டினால் நேரத்தோடு குறித்துவைத்து அடுத்த புகாரில் சேர்த்துவிடுங்கள்.

6. கடன் அறிக்கையில் டிஸ்பியூட் (பதிவு தவறு என்ற மறுப்பு)

5-ஐ அனுப்பிய அன்றே இதையும் போடுங்கள், ஒன்று முடிந்து மற்றொன்று என்று காத்திருக்க வேண்டாம். அந்தக் கடன் எந்தெந்த நிறுவனத்தின் அறிக்கையில் இருக்கிறதோ அந்தந்தத் தளத்தில் தனித்தனியாகப் போட வேண்டும். கட்டணம் இல்லை. தவறு என்று எதைக் குறிப்பது என்று கேட்கும்போது 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொகை தவறு, தேதி தவறு என்று போட்டால் தொகையை மட்டும் திருத்திவிட்டுப் போய்விடுவார்கள். திருடன் வாங்கியபோது நடந்த விசாரணைப் பதிவு, அவனுடைய முகவரி, கைபேசி எண் ஆகியவற்றையும் சேர்த்தே குறியுங்கள்.

கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்தவரிடம் கேட்கும்; அவர் 'சரிதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் டிஸ்பியூட் மூடப்படும். மனம் தளர வேண்டாம், 5-ல் பதில் வந்ததும் அதை இணைத்துத் திரும்பப் போடலாம்.

காலக்கெடு 30 நாள். 2024 ஏப்ரல் 26 முதல், 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரிய தொகை இல்லைதான்; ஆனால் 31-ஆம் நாள் இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள், கோப்பு நகரும்.

'சிபில் கிளியர் பண்ணித் தருகிறோம்' என்ற விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அவர்கள் செய்வதும் இதே டிஸ்பியூட்தான். கூடவே உங்கள் பானும் ஆதாரும் இன்னொருவர் கையில் போய்ச் சேரும்.

7. ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்)

கடன் கொடுத்தவர் 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் அவரிடம் புகார் கொடுக்கலாம். இலவசம். முதலில் நிறுவனத்துக்கு எழுதாமலோ, பதில் வராதபோது 30 நாள் காத்திருக்காமலோ இங்கே வந்தால் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுவார்கள். அதனால்தான் 5-ஐத் தேதியோடு எழுத்தில் வைத்திருக்கச் சொன்னேன். தொலைபேசியில் பேசியதற்கு இங்கே மதிப்பில்லை. மொத்தத்தில் எல்லாம் முடிய மூன்று நான்கு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கடன் அவசரமென்றால் புகார் எண்ணையும் டிஸ்பியூட் எண்ணையும் உங்கள் வங்கிக் கிளையில் காட்டுங்கள். சில மேலாளர்கள் விண்ணப்பத்தை நிராகரிக்காமல் நிறுத்திவைப்பார்கள்.

நீக்கியதும் கொண்டாட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து நான்கு அறிக்கைகளையும் மறுபடி பாருங்கள். நிறுவனத்தின் பழைய தரவு திரும்ப ஏறி, அதே கடன் முளைப்பது உண்டு. எழுத்தில் வாங்கிய உறுதி அப்போது கைகொடுக்கும்.

8. வீட்டில், ஜெராக்ஸ் கடையில்

நம் அடையாளம் கசியும் இடங்களில் முதலிடம் ஜெராக்ஸ் கடைக்கே கொடுப்பேன். கடைக்காரர் கெட்டவர் என்பதால் அல்ல. ஆதாரை அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம்; அது அவர் கணினியின் டவுன்லோட்ஸ் அடைவில் மாதக்கணக்கில் கிடக்கிறது; அடுத்த வாடிக்கையாளர் அதே கணினியில் தன் கோப்பைத் தேடுகிறார். கடையில் நின்றே 'எல்லோருக்கும் நீக்கு' கொடுத்தால்கூட இறங்கிய கோப்பு அங்கேதான் இருக்கும். முடிந்தால் அட்டையை நேரில் கொடுத்து நகல் எடுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே, எழுத்தின் மேலேயே விழும்படி, எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். லாட்ஜ், கூரியர், வாடகை வீடு போன்றவற்றுக்கு முழு ஆதார் தேவையில்லை. கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை மைஆதார் தளத்தில் இறக்கி அச்செடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

சாலையோரக் குடையின் கீழ் சிம் வாங்கும்போது "ரேகை சரியா விழல, இன்னொரு தடவை வைங்க" என்றால் திரையைப் பாருங்கள். முதல் தடவையிலேயே உங்கள் சிம்முக்கு வேலை முடிந்திருக்கலாம். இரண்டாவது ரேகை இன்னொரு சிம்முக்கு. வீட்டுக்கு வந்ததும் சஞ்சார் சாத்தியில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

பழைய பேப்பர்காரருக்குப் போடும் கட்டில் வங்கிக் கடிதம், இன்சூரன்ஸ் தாள், சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்துக் கிழித்துவிடுங்கள். அந்தத் தாளில்தான் நாளைக்கு யாருக்கோ வடை மடித்துத் தருவார்கள்.

9. போனில்

போன் விஷயத்தில் சொல்ல ஏராளம் உண்டு. செய்தே ஆக வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். மற்ற எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் அதன் வழியாகத்தான் மாற்றுகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்கப் பின் வைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் தொடவே வேண்டாம், அனுப்பியது உங்கள் அத்தை மகனாக இருந்தாலும். அவர் போன் ஏற்கெனவே பறிபோயிருக்கும். ஏபிகே என்பது பத்திரிகையோ படமோ அல்ல, போனில் நிறுவப்படும் செயலி. அந்தச் செயலி உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபிகளை வெளியே அனுப்பிவிடும்.

காரணமில்லாமல் சிக்னல் முற்றிலும் போய், வீட்டில் மற்றவர்களுக்கு அதே நிறுவனத்தில் சிக்னல் இருந்தால் உங்கள் எண்ணுக்கு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கலாம். இன்னொரு போனிலிருந்து உடனே வங்கிக்கு அழைத்து நெட் பேங்கிங்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் தொலைபேசி நிறுவனத்தின் கடைக்கு ஓடலாம். போன் தொலைந்தாலும் இதே வரிசைதான்; கூடுதலாக சஞ்சார் சாத்தியில் ஐஎம்இஐ எனப்படும் போனின் அடையாள எண்ணைக் கொடுத்து கருவியையே முடக்கலாம். அதற்குப் போலீஸ் புகார் நகல் கேட்பார்கள். ஐஎம்இஐ எண் போன் பெட்டியில் இருக்கும்; பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டவர்கள் இப்போதே *#06# அழுத்தி வரும் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஒரு நிறுவனம் உங்கள் கடன் அறிக்கையைப் பார்த்தால் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் வர வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர்களிடம் இருப்பது உங்கள் பழைய எண் என்றால் செய்தி அங்கேதான் போகும். அறிக்கையை எடுக்கும்போது தொடர்பு விவரத்தையும் சரிசெய்துவிடுங்கள். அம்மா அப்பாவின் அறிக்கையையும் அன்றே எடுங்கள். கடனே வாங்காதவர்களின் அறிக்கையை யாரும் பார்ப்பதில்லை என்பது திருடனுக்கும் தெரியும்.